வயதானவர்களுக்கு எந்த ரிலாக்ஸன்ட்: வெகுரோனியம், ரோகுரோனியம், அட்ராகுரியம்

வீடு பாளையங்கோட்டையில். வேலை ஒரே ஆஸ்பத்திரியில் இல்லை. அம்பாசமுத்திரம், வள்ளியூர், சங்கரன்கோவில் என்று எங்கே ஆபரேஷன் இருக்கிறதோ அங்கே மருந்துப் பெட்டியோடு போகிற மயக்க மருத்துவர்களில் நானும் ஒருத்தன். சின்ன நர்சிங் ஹோம்களில் பெரும்பாலும் நம் பெட்டியில் இருப்பதுதான் மருந்து. அதனால் தசையைத் தளர்த்தும் மருந்துகளில் (ரிலாக்ஸன்ட்) எதை வாடிக்கையாக வைத்துக்கொள்வது என்று ஒரு கட்டத்தில் முடிவு பண்ண வேண்டியிருந்தது. எழுபது தாண்டியவர்களுக்கு அட்ராகுரியம் என்று முடிவெடுத்தேன். ஏன் என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் மருத்துவர் அல்லாதவர்களுக்காக இரண்டு வரி. தூங்க வைக்கும் மருந்து வேறு, ரிலாக்ஸன்ட் வேறு. நரம்பு நுனியிலிருந்து வரும் அசிடைல்கோலின் தசையில் போய் உட்கார வேண்டிய இடத்தை ரிலாக்ஸன்ட் பிடித்துக்கொள்ளும். தசை தளர்ந்துவிடும், மூச்சுத் தசையும் சேர்த்து. அதனால்தான் டியூப், வெண்டிலேட்டர் எல்லாம். இடுப்பெலும்பு முறிவு, புராஸ்டேட் போன்றவற்றுக்கு முதுகில் ஊசி போட்டே முடித்துவிடலாம், ரிலாக்ஸன்ட் தேவையில்லை. (அதற்காக முதுகு ஊசிதான் எப்போதும் மேல் என்றும் இல்லை. இடுப்பு முறிவு நோயாளிகளை வைத்து 2021-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த பெரிய ஆய்வு வெளியானது. நடக்கும் திறனிலோ மனக்குழப்பத்திலோ இரண்டு முறைக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.) குடலடைப்பு, வயிற்றில் ஓட்டை, லேப்ராஸ்கோப்பில் பித்தப்பை என்று வரும்போதுதான் இந்தக் கேள்வியே எழுகிறது.

வெகுரோனியம் நல்ல மருந்து. பவுடராக வருவதால் பிரிட்ஜ் வேண்டாம். அக்னி நட்சத்திரத்தில் காரிலேயே விட்டுவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். இதயத்தைத் தொந்தரவு செய்யாது, பிரஷரை இறக்காது. சலைன் ஊற்றிக் கலக்கினால் தயார். ரோகுரோனியத்தின் பெருமை வேகம். கிலோவுக்கு 0.6 மில்லிகிராம் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை நிமிடத்தில் டியூப் போடலாம். அட்ராகுரியத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் காத்திருக்க வேண்டும். மருந்து உள்ளே போகும் பக்கம் மட்டும் பார்த்தால் அட்ராகுரியம் மூன்றாம் இடம்தான்.

எனக்கு முக்கியம் அது வெளியே போகும் பக்கம். வெகுரோனியமும் ரோகுரோனியமும் முக்கியமாகக் கல்லீரல் வழியாகவும், ஒரு பங்கு சிறுநீரகம் வழியாகவும் போகின்றன. போதாததற்கு வெகுரோனியம் கல்லீரலில் உடைந்து உண்டாகும் பொருளுக்கும் தசையைத் தளர்த்தும் சக்தி இருக்கிறது. சிறுநீரகம் மந்தமானால் அது தங்கிவிடும்.

'ஆச்சிக்கு கிட்னி நல்லாத்தானே இருக்கு, கிரியேட்டினின் 1 தானே' என்று ரிப்போர்ட்டை நீட்டுவார்கள். இங்கேதான் சிக்கல். கிரியேட்டினின் தசையிலிருந்து வந்து சிறுநீரகம் வழியாகப் போகும் கழிவு. வற்றிய உடம்பில் தசையே குறைவு, அதனால் எண் அழகாகத்தான் தெரியும். 80 வயது, 45 கிலோ, கிரியேட்டினின் 1 உள்ள ஒரு ஆச்சிக்குச் சிறுநீரகம் வடிகட்டும் அளவை வழக்கமான கணக்கில் போட்டுப் பாருங்கள். 140-இல் வயதைக் கழித்தால் 60. அதை எடையால் பெருக்கி, கிரியேட்டினினை 72-ஆல் பெருக்கி வரும் எண்ணால் வகுத்தால் 37.5. பெண் என்பதால் 0.85-ஆல் பெருக்க வேண்டும். நிமிடத்துக்கு 32 மில்லி வருகிறது. இளம் வயதில் 100-க்கு மேல் இருந்திருக்கும். லேப் தாளில் 'நார்மல்' என்று அச்சாகியிருக்கும் அதே ஆச்சிக்குத்தான் இந்தக் கணக்கு.

இதன் விளைவு மருந்து நீடிப்பது மட்டுமில்லை. எவ்வளவு நீடிக்கும் என்று சொல்ல முடியாமல் போவதுதான் பெரிய தொல்லை. ரோகுரோனியம் 0.6 கொடுத்தால் மற்ற பெரியவர்களுக்குச் சுமார் அரை மணி நேரம் வேலை செய்யும். முதியவர்களுக்கு முக்கால் மணி என்று மருந்துக் குறிப்பு சொல்கிறது. ஆனால் ஒருவருக்கு 22 நிமிடம், இன்னொருவருக்கு 73 நிமிடம் என்று அகலமாக விரிகிற கணக்கு அது. சர்ஜன் தையல் போட்டு முடித்துவிட்டார், இன்னும் மூன்று கேஸ் வெளியே காத்திருக்கிறது, ஆச்சி எந்தப் பக்கம் என்று நான் எப்படிச் சொல்வது?

அட்ராகுரியம் இந்த இரண்டு உறுப்புகளையும் பெரிதாக நம்பியிருக்கவில்லை. நம் ரத்தத்தின் காரத்தன்மையும் 37 டிகிரி சூடும் சேர்ந்தால் அது தானாகவே உடைந்துபோகும். ஹாஃப்மன் என்ற ஜெர்மன் வேதியியலாளர் 19-ஆம் நூற்றாண்டில் கண்டறிந்த வினை அது. ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தில், உடம்புக்குள் இப்படிக் கரைய வேண்டும் என்று திட்டமிட்டே இந்த மூலக்கூறை உருவாக்கினார்கள். இன்னொரு பங்கை ரத்தத்தில் உள்ள எஸ்டரேஸ் நொதிகள் உடைக்கும். டயாலிசிஸ் நோயாளியானாலும் சரி, மஞ்சள் காமாலை வந்தவரானாலும் சரி, ஒரு டோஸ் அரை மணி சுமாருக்கு வேலை செய்து இறங்கிவிடும். 45 கிலோ ஆளுக்குக் கிலோவுக்கு 0.5 வீதம் 22.5 மில்லிகிராம். 25 மில்லிகிராம் ஆம்ப்யூல் ஒன்று போதும்.

'ஆச்சி முழிச்சிருவாவல்லா சார்?' என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். முழிப்பதைப் பற்றி எனக்கு அவ்வளவு பயமில்லை. தொண்டைத் தசையைப் பற்றித்தான். கண் திறந்து, பேர் சொல்லி, தலையை ஐந்து விநாடி தூக்கிக் காட்டுகிறவருக்கும் தசையின் பலம் முழுசாகத் திரும்பாமல் இருக்கலாம். அந்த நிலையில் எச்சிலோ வாந்தியோ நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா. வாலிபப் பையன் இருமித் தள்ளிவிடுவான், எண்பது வயதுக்காரரால் முடியாது. அதனால் மணிக்கட்டில் நரம்பை நாலு முறை தூண்டிக் கட்டைவிரல் துடிப்பை அளக்கும் கருவி வேண்டும். நாலாவது துடிப்பு முதலாவதில் 0.9 அளவுக்காவது இருக்க வேண்டும். வெறும் கண்ணால் பார்த்தால் 0.4-க்கு மேல் குறை தெரியாது. எண் காட்டும் கருவி எல்லாத் தியேட்டரிலும் கிடையாது. அது இல்லாத இடத்தில், தானாகக் கரையும் மருந்து இன்னும் பெரிய ஆறுதல்.

அட்ராகுரியத்துக்குக் குறை இல்லையா? உண்டு. வேகமாகத் தள்ளினால் ஹிஸ்டமின் வெளிப்பட்டு முகம் சிவக்கும், பிரஷர் இறங்கும். தண்ணீர்ச்சத்து வற்றி வருகிற கிழவருக்கு அது ஆகாது. முதலில் டிரிப் ஏற்றிவிட்டு ஒரு நிமிடம் எடுத்து மெதுவாகப் போடுகிறேன். ஆஸ்துமாக்காரருக்குத் தவிர்க்கிறேன். இதய வால்வு மோசமாகச் சுருங்கியவருக்கு இன்றும் வெகுரோனியம்தான் எடுக்கிறேன். உடம்பு குளிர்ந்தால் அட்ராகுரியம் உடைவதும் மந்தமாகும். வெளியே நாற்பது டிகிரி கொளுத்தினாலும் தியேட்டருக்குள் ஏசி சர்ஜனுக்காக ஓடும். போர்வையும் சூடாக்கிய சலைனும் இல்லாமல் இந்த மருந்தைப் புகழ்வதில் அர்த்தமில்லை. அப்புறம் பிரிட்ஜ். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், வெளியே எடுத்தால் 14 நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். ஐஸ் பேக் போட்ட பெட்டியோடு முக்கூடல் வழியாக அலைவது எனக்குப் பழகிவிட்டது.

சிஸ்அட்ராகுரியம் இதன் தம்பி. அட்ராகுரியத்தில் கலந்திருக்கும் பத்து வடிவங்களில் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்தது. ஹிஸ்டமின் தொல்லை கிட்டத்தட்ட இல்லை. வேலை ஆரம்பிக்க இன்னும் கொஞ்சம் தாமதம். விலை கூட. எனக்குக் கைப்பழக்கம் குறைவு என்பதால் இதைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். காகிதத்தில் பார்த்தால் வயதானவர்களுக்கு இதுதான் முதல் இடம் பெற வேண்டியது.

ஆபரேஷன் முடிவில், ரிலாக்ஸன்ட்டின் பிடியை விடுவிக்க எல்லாருக்கும் நியோஸ்டிக்மின் கொடுக்கிறேன், கூடவே அது இதயத் துடிப்பைக் குறைக்காமலிருக்க அட்ரோபினுக்குப் பதில் கிளைக்கோபைரோலேட். அது மூளைக்குள் போகாது, குழப்பம் உண்டாக்காது. நியோஸ்டிக்மின் முழுசாக வேலை செய்யப் பத்து நிமிடமாவது ஆகும், அதையும் துடிப்புகள் திரும்பிய பிறகுதான் போட வேண்டும். இந்த இடத்தில்தான் ரோகுரோனியம் ஆட்கள் சுகமாடெக்ஸ் என்ற துருப்பை இறக்குவார்கள். நியாயம்தான். அது ரோகுரோனியத்தை அப்படியே பிடித்துப் பூட்டி, சில நிமிடத்தில் தசையை மீட்டுவிடும். அட்ராகுரியத்திடம் அது பலிக்காது. ஆனால் பூட்டிய அந்தக் கூட்டு வெளியே போவதும் சிறுநீரகம் வழியாகத்தான். வடிகட்டும் அளவு 30-க்குக் கீழே போனவர்களுக்கு அதன் தயாரிப்புக் குறிப்பே பரிந்துரைக்கவில்லை. மேலே சொன்ன ஆச்சி 32-இல் நிற்கிறாள்.

ஆனாலும் ஒரு இடத்தில் நான் ரோகுரோனியத்துக்கே போகிறேன். ராத்திரி வரும் குடலடைப்பு, வயிறு நிறைய, சீக்கிரம் டியூப் போட்டே ஆக வேண்டும். பொட்டாசியம் ஏறியிருந்தால், வேகமாக வேலை செய்யும் இன்னொரு ரிலாக்ஸன்ட்டான ஸ்கோலினும் போட முடியாது. அங்கே மூன்று நிமிடம் காத்திருப்பதுதான் ஆபத்து. கிலோவுக்கு 1.2 கொடுக்கிறேன். அந்த அளவுக்கு முதியவருக்கு ஒன்றரை மணி நேரம்கூட ஆகலாம். அதனால் போகும் முன்பே போன் பண்ணிக் கேட்டுக்கொள்வது இரண்டு: சுகமாடெக்ஸ் கையிருப்பு உண்டா, ஆபரேஷன் முடிந்ததும் ஐசியுவில் வெண்டிலேட்டர் காலியா. இரண்டும் இல்லையென்றால் ஹைகிரவுண்டுக்கு (பாளையங்கோட்டையில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி) அனுப்பச் சொல்லிவிடுகிறேன்.