வைசியாள் வீதிக்கு நாலு ஸ்டார், மேரி கட்டடத்துக்கு இரண்டரை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பாண்டிச்சேரிக்குச் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. நெல்லிக்குப்பத்தில் தாத்தா கட்டிய வீடு ஒன்று இருக்கிறது, மழைக்கு ஒழுகுகிறது, அதை இடித்துவிட்டு மாடி வீடு கட்டலாமா அல்லது சரிசெய்யலாமா என்று வீட்டில் ரெண்டு வருஷமாகப் பஞ்சாயத்து. சித்தப்பா இடிக்கிற கட்சி. நான் வேண்டாம் என்கிற கட்சி. "பாண்டியில கவர்மெண்டே பழைய கட்டடத்தைக் காப்பாத்துதாம், போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லு" என்று அவர்தான் கிண்டலாக அனுப்பிவைத்தார். அதனால் ஹோட்டலுக்கு ரிவ்யூ எழுதுகிற மாதிரி, பழைய கட்டடங்களைக் காப்பாற்ற அங்கே செய்த ரெண்டு வேலைகளுக்கு ஒரு ரிவ்யூ.

முதலில் மேரி. பெயரைக் கேட்டதும் என்னோடு வந்த நண்பன் மாதா கோயில் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றத் தயாராகிவிட்டான். பிரெஞ்சில் நகராட்சி அலுவலகத்துக்குப் பெயர் அது, அவ்வளவுதான். பீச் ரோட்டில் கடலைப் பார்த்து நிற்கிறது. 1870-71-ல் பிரெஞ்சுக்காரர்கள் கட்டியது, பிறகு புதுச்சேரி நகராட்சி அலுவலகம். 2014 நவம்பர் 29 அன்று, நல்ல மழையில், இடிந்து விழுந்தது. சீரமைக்க வேண்டும் சீரமைக்க வேண்டும் என்ற பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுந்தது என்பதுதான் இதில் வயிற்றெரிச்சல். பிறகு உலக வங்கிக் கடனில் நடந்த கடலோரப் பேரிடர்த் தணிப்புத் திட்டத்தில் சேர்த்து, சுமார் 15 கோடி ரூபாய் செலவில், பழைய தோற்றத்திலேயே திரும்பக் கட்டி, 2021 பிப்ரவரி 25 அன்று பிரதமர் திறந்துவைத்தார்.

பார்க்க எப்படி இருக்கிறது? அழகாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லக் கூடாது. காலை ஆறரை மணிக்குக் கடற்கரையிலிருந்து பார்த்தால், வெயில் நேராக முகப்பில் விழுந்து, வளைவுகளும் தூண்களும் பளிச்சென்று நிற்கின்றன. (பீச் ரோட்டில் சாயங்காலம் ஆறு மணியிலிருந்து மறுநாள் காலை ஏழரை வரை வண்டி விடமாட்டார்கள், அதற்குள் போய்விடுங்கள்.) ஆனால் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் ஏதோ குறைகிறது. ஒரு விரிசல் இல்லை, ஒரு ஒட்டுப்போட்ட இடம் இல்லை, கைபட்டு மழுங்கிய ஒரு மூலை இல்லை. கல்யாண மண்டபத்துக்கு வெள்ளையடித்த மாதிரி. சட்டை தாத்தாவுடையது, உள்ளே இருக்கிற உடம்பு பேரனுடையது. இதைப் பாதுகாப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விழுந்ததை அப்படியே விட்டுவிட்டு அந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம் எழுப்பாமல் இருந்தார்களே, அதற்கு ஒரு கும்பிடு போடலாம். மற்றபடி இது தாமதத்துக்குக் கட்டிய அபராதம். ஓட்டை விழுந்தபோதே கூரையைப் பார்த்திருந்தால் இத்தனை கோடி ஆகியிருக்குமா?

இரண்டரை ஸ்டார். அதில் அரை ஸ்டார் கடலுக்கு.

அப்புறம் பெரிய வாய்க்காலைத் தாண்டித் தமிழர் பகுதிக்கு வந்தோம். கூட்டம் எல்லாம் வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சுப் பகுதியில் மஞ்சள் சுவர் முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் ஆள் இல்லை. மிஷன் வீதியிலிருந்து உள்ளே திரும்பினால் வைசியாள் வீதி. பலகையில் கல்வே சுப்பராய செட்டியார் வீதி என்று இருக்கும், குழம்ப வேண்டாம், ரெண்டும் ஒன்றுதான்.

இங்கே நடந்த வேலைதான் என்னை அசத்தியது. 2000-களின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏசியா அர்ப்ஸ் என்ற திட்டத்தில் பாண்டிச்சேரி, இத்தாலியின் உர்பினோ, பிரான்சின் வில்நெவ்-சுர்-லோத் மூன்றும் சேர்ந்தன. பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிற இன்டாக் என்ற அமைப்பு வேலையை வழிநடத்த, இந்த வீதியில் வரிசையாக இருந்த வீடுகளின் முகப்பைப் பழையபடி சரிசெய்தார்கள். கவனியுங்கள், ஒரு அரண்மனையையோ ஒரு கோட்டையையோ அல்ல, ஒரு முழு வீதியை. ஆட்கள் குடியிருக்கிற, காலையில் கோலம் போடுகிற, சைக்கிள் சாத்திவைக்கிற வீதியை. செலவில் ஒரு பங்கைத் திட்டம் ஏற்றுக்கொள்ள, வீட்டுக்காரர்களும் ஒரு பங்கு போட்டார்கள். தன் கைக்காசு போட்டவன் அதைச் சும்மா விடமாட்டான், இல்லையா? 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருதுகளில் இந்த வீதிக்கும் ஓர் இடம் கிடைத்தது.

வீடுகளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். தெருவோரமாக மரக்காலில் நிற்கும் சரிவான நாட்டு ஓட்டுத் தாழ்வாரம், அதற்குக் கீழே திண்ணை. தாழ்வாரம் தெருவில் போகிறவனுக்கு நிழல், திண்ணை வீட்டுக்கு வந்தவனுக்கு இருக்கை. அதற்கு அப்புறம்தான் வாசக்கால், நடை, முற்றம். சில வீடுகளில் கீழே சுத்தத் தமிழ் வீடு, அண்ணாந்து பார்த்தால் மாடியில் பிரெஞ்சுக்காரர் வீட்டு வளைவு ஜன்னலும் கைப்பிடிச் சுவரும். கொஞ்சம் தள்ளி ரங்கப்பிள்ளை வீதியில் இருக்கும் ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையும் இதே கதைதான், 1730-களில் கட்டியது, கீழே செதுக்கிய மரத்தூண், மேலே ஐரோப்பிய பாணித் தூண். பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸிடம் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்துகொண்டு இருபத்தைந்து வருஷம் நாட்குறிப்பு எழுதியவரின் வீடு வேறு எப்படி இருக்கும்! 1761-ல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்துத் தரைமட்டமாக்கியதையும் தாண்டி நிற்கிறது.

வைசியாள் வீதியில் ஒரு திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "ஐயா, மழைக்கு ஒழுகலையா?" என்றதும் சிரித்தார். "ஒழுகாத வீடு ஏது தம்பி, ஒழுகினா எங்கன்னு பார்த்து அடைக்கணும், பயந்துகிட்டு சிமெண்ட் வெச்சுப் பூசினா தீர்ந்துது கதை" என்றார். என்னை எழுப்பி அழைத்துப்போய்ச் சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். சுண்ணாம்புப் பூச்சு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்தது, உள்ளங்கைக்குக் குளிர்ச்சியாக, பளிங்கு மாதிரி. ரெண்டடி தள்ளி, எப்போதோ யாரோ சிமெண்ட் வைத்து அடைத்த ஒரு இடம். விரலால் தட்டினார், டொக் என்று உள்ளே காலியாகச் சத்தம். அதன் ஓரம் முழுக்க வெள்ளை உப்புப் பூத்து, செங்கல் மாவாக உதிர்ந்துகொண்டிருந்தது.

எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. ஏனென்றால் எங்கள் வீட்டில் நாங்கள் செய்ததும் இதேதான். நாலு வருஷத்துக்கு முன்னால் சுவர் ஊறுகிறது என்று வெளிப்பக்கம் முழுக்க சிமெண்ட் பூசினோம், "இனி அம்பது வருஷத்துக்குக் கவலையே இல்ல" என்றார் பூசியவர். அடுத்த மழைக்கே உள்பக்கம் பொருக்குப் பொருக்காக உதிர ஆரம்பித்தது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயிலில் திருப்பி விட்டுவிடும். சிமெண்ட் வைத்து அடைத்தால் தண்ணீருக்கு வெளியே போக வழி இல்லை, உள்ளேயே உட்கார்ந்து செங்கல்லைத் தின்னும். கடற்காற்று அடிக்கிற ஊரில் உப்பும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். வீடு பழசானதால் கெட்டுப்போகவில்லை, எங்கள் வைத்தியத்தால் கெட்டுப்போயிருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. மின்கம்பி, கேபிள், இன்டர்நெட் வயர் எல்லாம் சேர்ந்து முகப்புகளுக்குக் குறுக்கே கொடிக்கயிறு கட்டிய மாதிரி தொங்குகின்றன, ஒரு நல்ல போட்டோ எடுக்க முடியவில்லை. தாழ்வாரத்து நிழல் நடக்கிறவர்களுக்கு என்பது போய் பைக்குகளுக்கு ஆகிவிட்டது. அதைவிடப் பெரிய குறை, இது ஒரு வீதியோடு நின்றுபோன மாதிரி தெரிகிறது. பக்கத்து வீதிகளுக்குள் நுழைந்தால் ஒரு ஓட்டு வீடு, அதை ஒட்டி கிரானைட் ஒட்டிய மூணு மாடி, மறுபடி ஒரு ஓட்டு வீடு, அதன் வாசலில் ஜல்லி கொட்டிக் கிடக்கிறது. ஜல்லியைப் பார்த்தாலே தெரியாதா அடுத்து என்ன நடக்கும் என்று? பெரிய மார்க்கெட்டையே இடித்துக் கட்டுகிறோம் என்று திட்டம் போட்டு, வியாபாரிகள் சண்டைக்கு நின்ற ஊர் இது. மாதிரி வீதி என்று ஒன்றைச் செய்துகாட்டினால் அதைப் பார்த்து நாலு வீதியாவது மாற வேண்டும்.

இருந்தாலும் நாலு ஸ்டார். டிக்கெட் கிடையாது, கைடு தேவையில்லை, காலை ஒன்பதுக்குள் போனால் வீதி உங்களுடையது. ஞாயிற்றுக்கிழமை போகிறவர்கள் காந்தி வீதிச் சந்தைக் கூட்டத்தில் மாட்டிக்கொள்ளாமல் முன்னாடியே போய்விடுங்கள். வீடுகளுக்குள் ஆட்கள் இருக்கிறார்கள், ஜன்னல் வழியாக கேமராவை நீட்டாதீர்கள். திண்ணையில் உட்காரும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

திரும்பி வரும்போது கடலூர் பஸ்ஸில் உட்கார்ந்து சித்தப்பாவுக்கு எல்லா போட்டோவையும் அனுப்பினேன், அந்த உப்புப் பூத்த சிமெண்ட் ஒட்டை மட்டும் வட்டம் போட்டு. பத்து நிமிஷம் ப்ளூ டிக் மட்டும். அப்புறம் ஒரே ஒரு வரி வந்தது: "அந்தப் பெரியவர் வீட்டுக்குச் சுண்ணாம்பு பூசின கொத்தனார் நம்பர் வாங்கினியா?"

வாங்கவில்லை. அடுத்த ஞாயிறு மறுபடி போகிறேன், இந்த முறை சித்தப்பாவும் வருகிறாராம்.