‘முதல் பட்டதாரி சலுகை வாங்கித் தருகிறோம்’ என்று வருபவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்

ஆரணி, போளூர், செய்யாறு பக்கம் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் உள்ள வீட்டார் இதைப் படித்துவிட்டு அக்கம்பக்கத்திலும் சொல்லுங்கள். தேர்வு முடிவு வந்த கையோடு ஊர் ஊராகச் சிலர் வருகிறார்கள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் வழவழப்பான கல்லூரி விளம்பரத் தாள், வாயைத் திறந்தால் அரசு உதவித்தொகை. அப்படி வந்த ஒருவரிடம் என் அக்கா குடும்பம் எழுபதாயிரம் ரூபாயைத் தொலைத்துவிட்டு நிற்கிறது.

அக்கா வீட்டுக்காரர் பட்டுத் தறி நெய்கிறவர். அந்த வீட்டில் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள். கணினிப் பொறியியல் படிக்க வேண்டும் என்று ஆசை. இந்த விவரங்களை எல்லாம் அந்த ஏஜென்ட் வாசலில் கால் வைக்கும் முன்பே தெரிந்துவைத்திருந்தார். மாணவர் பட்டியல் அவர் கைக்கு எப்படிப் போனது என்று பள்ளிக்கூடத்தில் கேட்டால் ஆளுக்கு ஆள் கையை விரிக்கிறார்கள்.

அவர் சொன்னது இதுதான்: “குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிக்கிற ‘முதல் பட்டதாரி’ என்பதால் ஆண்டுக்கு 25,000 ரூபாய் குறையும். அரசுப் பள்ளியில் படித்ததால் அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் வரும். கலந்தாய்வுக்கு எல்லாம் அலைய வேண்டாம் அம்மா, நேராகச் சேர்த்துவிடுகிறேன். சலுகை எப்படியும் வந்துவிடும்.”

அந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களில்தான் மொத்த மோசடியும் இருக்கிறது. முதல் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகை, அரசின் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாக இடம் பெற்றவர்களுக்கு மட்டும்தான். சாதி, வருமானம் எதுவும் பார்ப்பதில்லை. எந்த வழியாகச் சேர்ந்தீர்கள் என்பதைப் பார்ப்பார்கள். கலந்தாய்வை விட்டுவிட்டு நேராகப் போய்ச் சேர்ந்தால் அது நிர்வாக ஒதுக்கீட்டு இடம், அதாவது கல்லூரி நிர்வாகமே நிரப்பிக்கொள்ளும் இடம். வட்டாட்சியர் அலுவலகத்தில் வாங்கிய முதல் பட்டதாரிச் சான்றிதழை அங்கே நீட்டினால் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஆண்டுதோறும் பிள்ளைகளைச் சேர்த்துவிடும் ஆளுக்கு இது தெரியாது என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். கலந்தாய்வில் போகும் பிள்ளையால் அவருக்குக் கமிஷன் கிடையாது, அவ்வளவுதான்.

இதைவிட வயிறு எரிகிற விஷயம் ஒன்று உண்டு. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படித்தவர்களுக்குப் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்றுக்கொள்கிறது. என் அக்கா மகளின் மதிப்பெண்ணுக்கு நல்ல கல்லூரியே கிடைத்திருக்கும் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் அவளை விண்ணப்பிக்கவே விடாமல் அந்த ஏஜென்ட் தடுத்துவிட்டார். கலந்தாய்வுப் பதிவுக் கட்டணம் 500 ரூபாய், பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 250. மாவட்டங்களில் சேவை மையங்கள் வைத்துப் பதிவு செய்து தருகிறார்கள். அதைத்தான் ‘அலைச்சல்’ என்றார்.

முதல் பட்டதாரிச் சான்றிதழ் எடுத்துத் தர மட்டும் 2,500 ரூபாய் வாங்கியிருக்கிறார். இ-சேவை மையத்தில் அதற்குக் கட்டணம் 60 ரூபாய்.

விஷயம் தெரிந்து அக்கா என்னை அழைத்தபோது காகிதங்களை எல்லாம் தரையில் பரப்பிப் பார்த்தோம். ரசீது என்று ஒன்று கொடுத்திருந்தார்: பாதி கிழித்த வெள்ளைத் தாள், ஊதா மையில் ஏதோ கல்வி ஆலோசனை மையத்தின் முத்திரை, தொகைக்கு எதிரே ‘சேர்க்கை வகைக்கு’ என்ற இரண்டே சொல். கல்லூரியின் பெயர் எங்கும் இல்லை. விண்ணப்பப் படிவத்தின் நகலில் பெண் நிரப்பிய எழுத்தெல்லாம் நீல மை. ‘நிர்வாக ஒதுக்கீடு’ என்ற கட்டத்தில் போட்டிருந்த டிக் மட்டும் கறுப்பு மை. அவள் கையெழுத்துப் போட்ட பிறகு யாரோ போட்டது.

அந்த நகலை எடுத்துக்கொண்டு, அவர் பெண்ணைச் சேர்த்துவிட்டிருந்த கல்லூரியின் அலுவலகத்துக்குப் போனோம். கண்காணிப்பாளர் தலையைத் தூக்காமலே, “கலந்தாய்வு ஒதுக்கீட்டு ஆணை இருக்கிறதா?” என்று கேட்டார். இல்லை என்றதும், “அப்படியானால் முழுக் கட்டணம்தான்” என்றார். ஏஜென்ட் பெயரைச் சொன்னோம். “அவர் எங்கள் ஆள் இல்லையே சார்” என்றார். படிவத்தின் மேல் மூலையில் அந்த ஏஜென்டின் பெயர் சுருக்கமும் ஒரு எண்ணும் எழுதியிருந்ததைக் காட்டியதும் வேறொரு கோப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

படிப்பை நிறுத்திக்கொள்கிறோம், அசல் மதிப்பெண் பட்டியலையும் மாற்றுச் சான்றிதழையும் கொடுங்கள் என்றால், முழு ஆண்டுக் கட்டணத்தையும் கட்டிவிட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே சொல்லிவிட்டது. வாயால் கேட்டவரை எதுவும் நடக்கவில்லை. ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்து, அதன் நகலைக் கல்லூரி முதல்வருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிய பிறகுதான் சான்றிதழ்கள் கைக்கு வந்தன. பணம் வரவில்லை.

இத்தனைக்கும் பிறகு அதே ஏஜென்ட் தொலைபேசியில் அழைத்தார், வெட்கமே இல்லாமல். “பாப்பா சும்மா இருக்க வேண்டாம். அரசு இலவசத் திறன் பயிற்சி இருக்கிறது, முடித்ததும் வேலை. பதிவுக் கட்டணம் 3,500 மட்டும் கட்டுங்கள்.” இலவசப் பயிற்சிக்கு எதற்கய்யா பதிவுக் கட்டணம்? அந்த ‘மையத்தை’ நேரில் போய்ப் பார்த்தேன். இனிப்புக் கடைக்கு மேல் மாடியில் ஒரு அறை, பத்துப் பதினைந்து நாற்காலி, திட்டத்தின் பெயர் அச்சிட்ட பேனர், மூலையில் உறை பிரிக்காத ஒரு கணினி. பயிற்சி கொடுப்பவர் யார் என்றால், ஆள் வருவார் என்கிறார்கள். வருகைப் பதிவுக்குக் கைரேகை வைக்க மட்டும் இன்றே பெண்ணை அழைத்து வரச் சொன்னார்கள்.

தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தின் பயிற்சியானாலும், கிராமப்புற ஏழை இளைஞர்களுக்காக மத்திய அரசு 2014-ல் தொடங்கிய தீனதயாள் உபாத்யாய கிராமின் கௌசல்யா யோஜனா ஆனாலும், பயிற்சி பெறுபவர் பணம் கட்ட வேண்டியதில்லை. செலவை அரசு ஏற்கிறது. பணம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். புதுமைப் பெண் ஆயிரம் ரூபாயையும் எந்த ஏஜென்டும் வாங்கித் தர முடியாது. படிக்கும் கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பம் போகிறது, பணம் நேராக மாணவியின் வங்கிக் கணக்கில் விழுகிறது. ‘கணக்கைச் சரிபார்க்க வேண்டும்’ என்று சொல்லி ஏ.டி.எம். அட்டையையோ ஓ.டி.பி. எண்ணையோ கேட்பவன் திருடன். அப்படிப் பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

பெண் இப்போது அரசு ஐ.டி.ஐ.யில் கணினிப் பிரிவில் சேர்ந்திருக்கிறாள். பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. இந்த இடத்தை வாங்க யாருடைய சிபாரிசும் தேவைப்படவில்லை.

காவல் நிலையத்தில் மனு ஏற்பு ரசீது கொடுத்திருக்கிறார்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் அங்கே வழக்கறிஞர் உதவி இலவசம். இது தெரிந்ததும் ஏஜென்ட் ஆள் விட்டுப் பேசினார்: புகாரை வாபஸ் வாங்கினால் இருபதாயிரம் தருவாராம். அக்கா முடியாது என்று சொல்லிவிட்டாள். ஊதா முத்திரையுடன் ‘சேர்க்கை வகைக்கு’ என்று எழுதிய ரசீது உங்கள் வீட்டிலும் இருந்தால் கிழித்துப் போடாமல் வைத்திருங்கள். நாலைந்து குடும்பம் சேர்ந்தால் அடுத்த மனுவை மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடமே நேரில் கொடுக்கலாம்.