எக்ஸ்டெண்டர், மெஷ், லேன் கேபிள்: பின்னறை வரை இன்டர்நெட் போய்ச் சேர எது நல்லது?

தென்னாப்பிரிக்காவில், டர்பனை ஒட்டிய சாட்ஸ்வர்த்தில் எங்களுடையது பழைய செங்கல் வீடு. முன்னால் வீடு, பின்னால் முற்றம், முற்றத்துக் கோடியில் தனியாகக் கட்டிய ஓர் அறை. மகளுக்கு இந்த வருஷம் மெட்ரிக் (இங்கே பள்ளியின் கடைசி வருஷம்) என்பதால் அமைதியாகப் படிக்கட்டும் என்று அந்த அறையை அவளுக்கே கொடுத்துவிட்டோம். ஆனால் ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் இருப்பது முன்னறையில், ஆயாவின் டிவிக்குப் பக்கத்தில். நடுவில் மூன்று செங்கல் சுவர், சமையலறை ஃபிரிட்ஜ், அப்புறம் அந்த முற்றம். லைன் வினாடிக்கு 200 மெகாபிட், பின்னறையில் கிடைத்தது 8, சில நேரம் 11. சாயங்காலம் வீடியோ வகுப்பு நடக்கும்போது அதுவும் அறுந்து போகும்.

இணைய நிறுவனத்துக்கு போன் செய்தால் அடுத்த பேக்கேஜுக்கு மாறச் சொன்னார்கள். மாறியிருந்தால் மாதாமாதம் பணம்தான் கூடப் போயிருக்கும். எதையும் வாங்குவதற்கு முன் லேப்டாப்பை ரவுட்டர் பக்கத்தில் கொண்டு போய், வைஃபையை அணைத்துவிட்டு, ஒரு லேன் கேபிளைச் செருகி வேகத்தைப் பாருங்கள். எங்களுக்கு 193 வந்தது. வாசல் வரை தண்ணீர் சரியாகத்தான் வருகிறது, அடைப்பு வீட்டுக்குள் என்று அப்போதே தெரிந்துவிட்டது. கேபிளிலும் மெதுவாக வந்தால் அது வேறு கதை. இங்கே பல தெருக்களில் ஃபைபரைப் பதித்தவர் ஒருவர், மாதக் கட்டணம் வாங்குபவர் இன்னொருவர். கட்டணம் வாங்குபவரிடம்தான் புகார் சொல்ல வேண்டும். உள்ளூர்த் தளங்கள் நன்றாக வந்து வெளிநாட்டுத் தளங்கள் மட்டும் தள்ளாடினால் கடலடி கேபிள் அறுந்திருக்கலாம். 2024 மார்ச்சில் ஐவரி கோஸ்ட் கரைக்கு அப்பால் சாட்-3 உட்பட நான்கு கேபிள்கள் ஒரே நேரத்தில் பழுதானது நினைவிருக்கும். அந்த மாதிரி நாட்களில் வீட்டுக்குள் எதை மாற்றினாலும் பலன் இல்லை.

லேப்டாப்பையும் பார்த்துவிடுங்கள். மகளின் பழைய லேப்டாப்புக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் தெரியும், 5 கிகாஹெர்ட்ஸ் தெரியாது. அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் அந்த 2.4இல் மோதிக்கொண்டிருந்தன. ரவுட்டர் செட்டிங்ஸில் சேனலை (அது பேசும் அலைவரிசையை) 1, 6, 11 என்று மாற்றிப் பார்த்ததில் கொஞ்சம் முன்னேற்றம் இருந்தது, போதவில்லை.

சரி, இனி ஒப்பீடு.

முதலில் வாங்கியது எக்ஸ்டெண்டர், ரவுட்டரின் வைஃபையை வாங்கி மறுபடி பரப்பும் சின்னப் பெட்டி. மலிவு, சமையலறை பிளக்கில் செருகினால் வேலை முடிந்தது. ஆனால் சாதாரண எக்ஸ்டெண்டர் ரவுட்டர் சொல்வதைக் கேட்பதும் அதையே லேப்டாப்புக்குத் திருப்பிச் சொல்வதும் ஒரே ரேடியோவில்தான், அதனால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். பின்னறையில் 20ஐத் தாண்டவே இல்லை. வாட்ஸ்அப்பும் மின்னஞ்சலும் மட்டும் போதும் என்பவர்களுக்கு அது போதும்.

அடுத்து மெஷ், அதாவது வீட்டில் அங்கங்கே வைத்தால் தங்களுக்குள் பேசி ஒரே வைஃபையாக வேலை செய்யும் பெட்டிகள். சித்தப்பா மகன் வீடு மாறும்போது தன்னிடமிருந்த மூன்று பெட்டிகளை ஒரு மாதம் இரவல் கொடுத்தான். நன்றாகவே இருந்தது, அதை மறைக்க மாட்டேன். வீடு முழுக்க ஒரே பெயரில் வைஃபை, போனைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தாலும் பேச்சு அறுவதில்லை, பின்னறையில் 60, 70 வந்தது. பெட்டிகள் தங்களுக்குள் பேசத் தனி ரேடியோ உள்ள விலை உயர்ந்த வகையில் இன்னும் கூட வரும். நான் பார்த்தது அந்த ஒரு செட்டை, அதுவும் ஒரே மாதம், அதனால் மெஷ் என்றாலே இவ்வளவுதான் என்று சொல்ல வரவில்லை.

ஆனால் அந்த மாதத்தில் இரண்டு முறை கரண்ட் போனது. என் முடிவை மாற்றியது அதுதான்.

2023இல் லோட் ஷெட்டிங் இல்லாத நாள் இந்த நாட்டில் அபூர்வம். அப்போதே ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் சேர்த்து ஒரு 12 வோல்ட் மினி யூபிஎஸ் வாங்கி வைத்திருந்தோம், பல வீடுகளில் இன்றும் அது இருக்கும். 2024 மார்ச் கடைசியில் லோட் ஷெட்டிங் நின்றது, 2025இன் முதல் பாதியில் சில நாள் எட்டிப் பார்த்தது. ஆனால் மின் கேபிள் திருட்டு, துணை மின்நிலையப் பழுது என்று கரண்ட் போவது நிற்கவில்லை. அப்படிப் போகும்போது முன்னறையில் ரவுட்டர் பேட்டரியில் ஓடிக்கொண்டே இருக்கும், லேப்டாப்பிலும் பேட்டரி இருக்கும். நடுவில் சமையலறையில் இருக்கிற மெஷ் பெட்டி மட்டும் செத்துப்போகும், அதோடு பின்னறைக்கு வழியும் போய்விடும். எக்ஸ்டெண்டருக்கும் இதே கதிதான். அவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி யூபிஎஸ் வாங்கலாமே என்றால், வாங்கலாம், ஆனால் மூன்று பேட்டரி, மூன்று சார்ஜர், எது எப்போது சார்ஜ் தாங்காமல் போகும் என்ற கவலை. எங்கள் முதல் யூபிஎஸ் புதிதில் நாலு மணி நேரம் தாங்கியது, இரண்டு வருஷத்தில் ஒன்றரை மணி நேரமாகிவிட்டது. அதை மூன்றால் பெருக்கிப் பாருங்கள்.

லேன் கேபிளுக்குக் கரண்டே வேண்டாம். முன்னறையில் ஒரே ஒரு யூபிஎஸ், அங்கிருந்து கேபிள் நேராக மகளின் லேப்டாப்புக்கு. ஜனவரியில் போட்டதிலிருந்து இன்றுவரை அதற்காக நான் செய்த பராமரிப்பு ஒன்றும் இல்லை. செலவும் மெஷ் செட் விலையில் ஒரு சின்னப் பங்குதான்.

எந்தக் கேபிள் என்பதில் மட்டும் கவனம் வேண்டும். கேட்-6 எடுத்தோம், இந்தத் தூரத்துக்குக் கேட்-5இ கூடப் போதும், இரண்டுமே 100 மீட்டர் வரை ஒரு கிகாபிட் தாங்கும். வெளியே போவதற்கென்று செய்த கறுப்பு உறைக் கேபிளாக இருக்க வேண்டும், வீட்டுக்குள் போடுகிற சாம்பல் நிறக் கேபிள் டர்பன் வெயிலில் வெடித்துவிடும். கடையில் நுனியைப் பிளேடால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளேயும் செம்பு நிறம் என்றால் முழுச் செம்பு, வெள்ளியாக மின்னினால் அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு. பூச்சுக் கேபிள் விலை குறைவு, ஆனால் மடக்கினால் ஒடியும், அதைத் தொடவே வேண்டாம். முற்றத்துச் சுவரோரமாக 20 மி.மீ. பிவிசி குழாய்க்குள் விட்டோம், மின்கம்பியை ஒட்டிப் போகாமல் பார்த்துக்கொண்டோம். அறைக்குள் நுழையும் துளைக்கு முன் கேபிளைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலேற்றினால் மழைநீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும், உள்ளே வராது. கூரை வழியாகக் கொண்டு போக நினைப்பவர்கள், பழைய வீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் ஓடு இருந்தால் அதில் துளை போடாதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு நஞ்சு.

நுனியில் கனெக்டர் போட எதிர்வீட்டு அண்ணா கற்றுக்கொடுத்தார், எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசை. முதல் முறை போட்டுவிட்டு வேகம் பார்த்தால் 94, எத்தனை தடவை பார்த்தாலும் 94தான். விண்டோஸ் செட்டிங்ஸில் ஈதர்நெட்டைத் திறந்தால் இணைப்பு வேகம் 100 என்று காட்டியது. "தம்பி, எட்டுக் கம்பியும் தொடணும், நாலு தொட்டாலே நூறு வந்துடும்" என்றார் அண்ணா. கனெக்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம், பழுப்புக் கம்பி நுனிவரை போகாமல் ஒரு மில்லிமீட்டர் பின்னாலேயே நின்றிருந்தது. வெட்டிவிட்டு மறுபடி போட்டதும் இணைப்பு 1000 ஆனது, பின்னறையில் 191. வைஃபைக்குப் பதில் கேபிள் போட்டும் 94, 95இல் நிற்கிறது என்றால் உங்களுக்கும் இதே கோளாறாக இருக்கலாம், முதலில் கனெக்டரைப் பாருங்கள்.

இடி மின்னல்தான் இதில் எனக்குள்ள பயம். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே செம்புக் கேபிள் போகும்போது பக்கத்தில் மின்னல் விழுந்தால் இரண்டு முனையிலும் உள்ள பொருள்கள் கருகலாம். நாங்கள் இடி கேட்டதும் இரண்டு பக்கமும் பிடுங்கி வைத்துவிடுகிறோம். இதுவரை ஒன்றும் ஆகவில்லை, ஆனால் ஒரே ஒரு கோடை அனுபவத்தை வைத்து உறுதி சொல்ல முடியாது. இடி அதிகமான ஊரில், ஜோகன்னஸ்பர்க் பக்கம் இருப்பவர்கள், முற்றத்தைக் கடக்கும் பகுதிக்கு மட்டும் ஃபைபர் போட விசாரியுங்கள், அதில் மின்சாரம் பாயாது. வாடகை வீட்டில் வீட்டுக்காரர் துளை போட விடமாட்டார் என்றால் மெஷ்தான் வழி, நடுப்பெட்டிக்கு மட்டுமாவது ஒரு யூபிஎஸ் வைத்துவிடுங்கள்.

பின்னறையில் போனுக்கு வைஃபை வேண்டுமென்றால் பெட்டியில் தூங்குகிற பழைய ரவுட்டரே போதும். முதலில் அதன் ஐபி முகவரியை (நெட்வொர்க்கில் அதன் எண்ணை) முன்னறை ரவுட்டரின் முகவரியோடு மோதாதபடி மாற்றி, டிஎச்சிபியை (மற்றக் கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் வசதியை) அணைத்துவிட்டு, கேபிளை WAN என்று எழுதியிருக்கும் துளையில் அல்ல, லேன் துளைகளில் ஒன்றில் செருக வேண்டும். கரண்ட் போனால் அந்த வைஃபை நின்றுவிடும். அப்போது மகள் அதிலிருந்து கேபிளை உருவி லேப்டாப்பில் செருகிக்கொள்கிறாள்.