நீண்ட வரியை எந்த எடிட்டர் ஒழுங்காக மடிக்கிறது?

தருமபுரி டிடிபி சென்டரில் கிரயப் பத்திர வரைவு அடித்தால் சொத்து விவரமும் நான்கெல்லையும் ஒரே பத்தியாகத்தான் போகும்; நடுவில் என்டர் தட்ட முடியாது. கிருஷ்ணகிரியில் ஜிஎஸ்டி கணக்கு பார்க்கும் ஆபீசில் ரிட்டர்ன் ஜேசன் ஃபைலை (போர்ட்டலில் ஏற்றும் தரவு ஃபைல்) திறந்தால் பெரும்பாலும் மொத்தமும் ஒரே வரியில் கிடக்கும். மாங்கூழ் ஆலையின் சிஎஸ்வி (கமாவால் பிரித்த) பட்டியலில் ரகம், லாட் நம்பர், எடை, பிரிக்ஸ் (இனிப்பு அளவு) என்று ஒவ்வொரு வரியும் திரையைத் தாண்டி ஓடும். மூன்றும் நீண்ட வரிதான், ஆனால் மூன்றுக்கும் ஒரே எடிட்டரும் (எழுத்தை அடித்துத் திருத்தும் மென்பொருள்) ஒரே செட்டிங்கும் ஒத்துவராது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். யூனிகோடு தமிழ்ப் பத்திக்கு ஒரு செட்டிங் மாற்றிய விஎஸ் கோடு. சிஎஸ்விக்கும், யூனிகோடுக்கு முந்தின பாமினி ஃபான்ட்டில் அடித்த பழைய ஃபைலுக்கும் நோட்பேட் பிளஸ் பிளஸ். ஓரத்தை நம் விருப்பப்படி வைக்க ஈமேக்ஸ். விம்மில் தமிழ் அடிக்க வேண்டாம்.

விண்டோஸோடு வரும் சாதா நோட்பேடில், நீண்ட வரியைத் திரை ஓரத்தில் மடித்துக் காட்ட 'வேர்டு ராப்' என்ற ஒரே சுவிட்ச்தான். விண்டோஸ் 10இல் அது ஃபார்மேட் மெனுவில், 11இல் வியூ மெனுவில் இருக்கிறது. பழைய பதிப்புகளில் ராப் போட்டதும் கீழே வரி எண் காட்டும் பட்டை செத்துவிடும். 2018இல் வந்த 1809 அப்டேட்தான் அதைச் சரிசெய்தது. பேஜ் செட்டப்பில் உள்ள மார்ஜின் அச்சுத் தாளுக்கு மட்டும். அதை எவ்வளவு கூட்டினாலும் திரையில் எழுத்து இடது விளிம்பில் ஒட்டிக்கொண்டேதான் நிற்கும். நாலு வரி ஒட்டிப் பார்க்க இது போதும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

நோட்பேட் பிளஸ் பிளஸ்ஸில் வியூ மெனுவில் வேர்டு ராப்பைப் போட்ட கையோடு, அதே மெனுவில் ஷோ சிம்பல் என்பதற்குள் போய் ராப் சிம்பலையும் போட்டுவிடுங்கள். மடிந்த இடத்தில் வளைந்த அம்பு தெரியும். அது இல்லாவிட்டால் எது எடிட்டர் மடித்த வரி, எது என்டர் தட்டிய வரி என்று பிரித்தறியவே முடியாது. பிரிஃபரன்ஸில் லைன் ராப்பை 'அலைன்டு' என்று வைத்தால் மடிந்த பகுதி முதல் வரியின் தொடக்கத்துக்கு நேராக நிற்கும், 'இன்டென்ட்' வைத்தால் இன்னும் சற்று உள்ளே தள்ளும். சிஎஸ்விக்கு ராப்பை அணைத்துவிட்டுப் பக்கவாட்டில் உருட்டுவதே மேல். மடித்தால் எந்தக் காலம் (நெடுவரிசை) எதற்கு நேர் என்பது கெட்டுவிடும். மிகப் பெரிய ஃபைலில் ராப் போட்டால் எடிட்டர் திணறும். அதற்காகவே பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில், 200 எம்பியைத் தாண்டிய ஃபைல் வந்தால் ராப்பை நிறுத்த ஒரு டிக் இருக்கிறது.

நோட்பேட் பிளஸ் பிளஸ்ஸில் வரி நீளத்தின் எல்லையைக் காட்டும் செங்குத்துக் கோடு தமிழில் ஏமாற்றும். எண்பதாவது காலத்தில் (எழுத்து இடத்தில்) கோடு வேண்டும் என்று எண் கொடுத்தால், ஒரு இடைவெளியின் அகலத்தை எண்பதால் பெருக்கி அந்த இடத்தில் கோடு போடுகிறது. எல்லா எழுத்தும் ஒரே அகலமுள்ள ஆங்கில ஃபான்ட்டில் இது சரி. விண்டோஸின் தமிழ் ஃபான்ட்டான நிர்மலா யுஐயில் 'ர'வும் 'ணௌ'வும் ஒரே அகலமா என்ன? கோடு ஒரு பக்கம், கணக்கு ஒரு பக்கம் நிற்கும். அதே இடத்தில் 'பேக்ரவுண்டு மோட்' என்று ஒரு டிக் உண்டு. அதைப் போட்டால் கோட்டுக்குப் பதில், எல்லையைத் தாண்டிய எழுத்துகளின் பின்னணி நிறம் மாறும். தமிழுக்கு அதுதான் உதவும்.

விஎஸ் கோடில் ஆல்ட் இசட் தட்டினால் ராப் வரும், மறுபடி தட்டினால் போகும். இதோடு நிறுத்திக்கொள்பவர்கள்தான் 'தமிழ் வரி வலது ஓரத்தில் வெட்டுப்படுகிறது' என்று புலம்புகிறார்கள். காரணம் 'ராப்பிங் ஸ்ட்ரேட்டஜி' என்ற செட்டிங். அது 'சிம்பிள்' என்றே வருகிறது. அதாவது எழுத்துகளின் அகலத்தை அளக்காமல், எண்ணிக்கையை வைத்து எங்கே மடிப்பது என்று முடிவு செய்யும். தமிழில் 'கொ' என்பது உள்ளே இரண்டு குறியீடு, திரையில் மூன்று வடிவம். எண்ணிக்கை பிசகுவதால் சில வரி திரைக்கு வெளியே நீளும், சில வரி பாதியிலேயே மடியும். கன்ட்ரோல் கமா தட்டி செட்டிங்ஸைத் திறந்து, அதை 'அட்வான்ஸ்டு' என்று மாற்றினால் ஒவ்வொரு வரியையும் உண்மையான அகலத்தில் அளந்து மடிக்கும். பெரிய ஃபைலில் திரை உறையலாம் என்ற எச்சரிக்கை அந்த செட்டிங்கின் விளக்கத்திலேயே இருக்கிறது. பத்து, இருபது பக்கப் பத்திரத்துக்கு அந்தக் கவலை தேவையில்லை. ஜேசனைத் திறக்கும்போது 'சிம்பிள்' போதும்.

ஒரே வரி ஜேசனில் இன்னொன்றும் நடக்கும். ராப் அணைந்திருந்தால், பத்தாயிரம் எழுத்துக்குப் பிறகு அந்த வரியை விஎஸ் கோடு திரையில் காட்டுவதையே நிறுத்திவிடும், இருபதாயிரத்தைத் தாண்டிய வரிக்கு நிறம் பூசாது. ஃபைல் கெட்டுப்போனதாக நினைத்துப் பதற வேண்டாம், தரவு முழுசாக உள்ளேதான் இருக்கிறது. வரியை மடித்துப் படிப்பதைவிட ஷிஃப்ட் ஆல்ட் எஃப் தட்டி ஃபார்மேட் செய்து பார்ப்பது நல்லது, ஆனால் சேவ் செய்யாமல் மூடுங்கள். போர்ட்டலில் ஏற்ற வேண்டியது மூல ஃபைல்.

1366 புள்ளி அகலமுள்ள பழைய லேப்டாப் திரையில் இடது பக்கம் ஃபைல் பட்டியலும், வரி எண்ணும், வலது பக்கம் மினிமேப்பும் (ஃபைலின் குட்டி உருவம்) அடைத்துக்கொள்ளும். மிச்ச இடத்தில் 'கொடுத்துக்கொண்டிருக்கிறார்களாம்' போன்ற சொல் வந்தால் முந்தின வரியில் பெரிய பள்ளம் விழும். முதலில் மினிமேப்பை அணையுங்கள். கன்ட்ரோல் பி (B) பக்கப் பட்டியை மறைக்கும். கன்ட்ரோல் கே, பிறகு இசட் தட்டினால் ஜென் மோட். இரு ஓரமும் காலியாகி எழுத்து நடுவே வரும். பிழை திருத்த அருமையான அமைப்பு.

பாமினியில் அடித்த பழைய ஃபைலை மட்டும் விஎஸ் கோடில் திறக்காதீர்கள். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி என்பது உண்மையில் செமிகோலன். செமிகோலனுக்குப் பிறகு வரியை ஒடிக்கலாம் என்பது விஎஸ் கோடின் 'சிம்பிள்' முறையின் விதி, அதனால் வரி முடிவில் வரும் 'தர்மபுரி'யில் 'தர்' மேலேயும் 'மபுரி' கீழேயுமாகப் பிரியக்கூடும். நோட்பேட் பிளஸ் பிளஸ், சாதா டெக்ஸ்ட் ஃபைலாக இருந்தால், இடைவெளியில்தான் மடிக்கும்.

ஈமேக்ஸ் ஓர விஷயத்தில் மற்றவற்றுக்கு மேல். எழுத்துப் பகுதிக்கு இரு பக்கமும் எட்டு பிக்சல் அகலத்தில் 'ஃப்ரிஞ்ச்' என்ற பட்டை உண்டு. வரி மடிந்தால் அதில் வளைந்த அம்பு, மடிக்காமல் வெட்டினால் நேர் அம்பு; எழுத்தின் இடத்தை அடையாளக் குறி தின்பதில்லை. ஆரம்பத்தில் சொல்லின் நடுவிலேயே ஒடிக்கும், ஆல்ட் எக்ஸ் தட்டி விஷுவல் லைன் மோடைப் போட்டால் சொல் எல்லையில் மடிக்கும். அந்த மோடில் கன்ட்ரோல் கே திரை வரியை மட்டுமே அழிக்கும், பத்தி முழுவதையும் அல்ல. அம்புகளும் மறைந்துவிடும்; தனியாக செட்டிங்கில் கேட்டு வாங்க வேண்டும். 2023இல் வந்த 29ஆம் பதிப்புக்கு முன் ஒரே வரி ஜேசன் இதை முடக்கிப் போட்டுவிடும், பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் மாற்றிவிடுங்கள்.

ஈமேக்ஸின் ஆட்டோ ஃபில் மோட் வேறு சரக்கு. 70ஆவது காலத்துக்கு அருகே ஃபைலுக்குள்ளேயே என்டரைப் போட்டுவிடும். அந்த ஃபைலைப் பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரிலோ இன்டிசைனிலோ ஊற்றினால் ஒவ்வொரு வரியும் தனிப் பத்தியாகி, ஜஸ்டிஃபை வேலை செய்யாது. அப்படி வந்த ஃபைலை நோட்பேட் பிளஸ் பிளஸ்ஸில் திறந்து, ஒரு பத்தியைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் ஜே தட்டினால் வரிகள் இணையும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தேர்ந்தெடுத்தால் பத்திப் பிரிவுகளும் போய்விடும்.

விம்மில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். 'ராப்மார்ஜின்' என்று ஒரு ஆப்ஷன் இருக்கிறது. பெயரைப் பார்த்தால் திரை ஓரம் விடுவது போலத் தோன்றும். செய்வதோ ஜன்னலின் வலது ஓரத்திலிருந்து கணக்கிட்டு ஃபைலுக்குள் என்டர் போடுவது. ஜன்னலைச் சுருக்கி அடித்த பத்தி ஒரு நீளம், விரித்து அடித்த பத்தி வேறு நீளம். அதைப் பூஜ்யத்திலேயே விடுங்கள். 'லைன்பிரேக்', 'பிரேக்இன்டென்ட்' இரண்டும் திரையில் மட்டும் மடிப்பவை. நீண்ட வரிக்குள் மேலும் கீழும் நகர ஜி ஜே, ஜி கே. டெர்மினலின் சமக் கட்டங்களில் தமிழ் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதை இந்த ஆப்ஷன் எதுவும் சரிசெய்யாது. ஓசூர் கம்பெனிகளில் சர்வர் லாக் பார்ப்பவர்களுக்கு விம் போதுமானது. அங்கே ராப்பை அணைத்து வைத்தால் நேரமும் செய்தியும் நேர்கோட்டில் நின்று கண்ணுக்கு எளிதாக இருக்கும்.