பாடியை இறக்குவதா, ஓட்டிக்கொண்டே சரிசெய்வதா?

நான்கு சக்கரத்துக்கும் எஞ்சின் விசை போகும் பழைய டீசல் ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்திய முதல் வாரம் கை சும்மா இருக்காது. ஸ்பேனரை எடுத்தாலே எதையாவது கழற்றத் தோன்றும். கழற்றுவதற்கு முன்பே எடுக்கவேண்டிய முடிவு ஒன்று இருக்கிறது. பாடியை இறக்கி, எஞ்சினை வெளியே எடுத்து, சேசிஸை வெறும் சட்டமாக்கி, எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டுத் திரும்பப் பூட்டுவதா? இல்லை, வண்டியை ஓடும் நிலையிலேயே வைத்துக்கொண்டு இந்த மாதம் பிரேக், அடுத்த மாதம் ஸ்பிரிங் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பதா?

நான் இரண்டையும் செய்து பார்த்தவன். முதல் வண்டியை முழுசாக அவிழ்த்தேன், இரண்டாவதை ஓட்டிக்கொண்டே தேற்றினேன். வீட்டில் வைத்து வேலை பார்க்கிறவருக்கு என் ஓட்டு இரண்டாவது வழிக்குத்தான். ஒரே ஒரு நிலைமையில் மட்டும் மாற்றிப் போடுவேன். அது சேசிஸைப் பொறுத்தது, பிறகு வருகிறேன்.

முழுசாக அவிழ்ப்பதற்கு நியாயம் இல்லாமல் இல்லை. பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவில் மண் சேரும், மண்ணில் ஈரம் தங்கும். அந்த இடத்தைக் கீழே படுத்துக்கொண்டு எட்டிப் பார்க்கவே முடியாது. லேண்ட் ரோவர் மாதிரி அலுமினியம் பாடியும் இரும்புச் சேசிஸும் உள்ள வண்டிகளில் இன்னொரு தொல்லை: இரண்டு உலோகமும் ஈரத்தோடு ஒட்டி நிற்கும் இடத்தில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். பாடியை இறக்கினால் இது எல்லாம் வெளிச்சத்துக்கு வரும். பிரேக் பைப், ஒயரிங், டேங்க் எல்லாமே கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கும். முதுகும் தப்பிக்கும்.

ஆனால் அவிழ்த்த வண்டிக்கு, நின்ற வண்டியைப்போல மூன்று மடங்கு இடம் வேண்டும். இடம்கூடக் கிடைத்துவிடும், ஞாபகம்தான் கிடைக்காது. என் முதல் வண்டியின் போல்ட்டுகளை இரண்டு பெயிண்ட் டப்பாவில் கொட்டி வைத்திருந்தேன். எட்டு மாதம் கழித்து டப்பாவைக் கவிழ்த்தபோது ஒரே தடிமனில், ஒரே மரையில், நீளம் மட்டும் கொஞ்சம் கொஞ்சம் வேறுபட்ட போல்ட்டுகள் நாற்பதுக்கு மேல் உருண்டன. அடி மூடிய துளையில் நீளமான போல்ட்டைப் போட்டால் அது அடியில் போய் முட்டி இறுகிவிடும். ஸ்பேனருக்கு டைட் ஆனது போலத் தெரியும், பூட்டிய பாகம் மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும். ஒரு பிராக்கெட் இப்படி ஆடுவதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது. இப்போதெல்லாம் கழற்றிய போல்ட்டை அதே துளையில் இரண்டு சுற்று திருப்பி விட்டுவிடுகிறேன். முடியாத இடத்தில் சின்னப் பை, பையில் சீட்டு, கூடவே ஒரு போட்டோ.

இதைவிடப் பெரிய சங்கடம் கடைசி நாளில் வரும். எல்லாவற்றையும் பூட்டிச் சாவியைத் திருப்புகிறீர்கள், வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. டீசல் லைனில் காற்று புகுந்து அடைத்த ஏர் லாக்கா? பம்ப் டீசலை அனுப்பும் நேரம், அதாவது பம்ப் டைமிங், தவறா? எர்த் ஒயர் பூட்ட மறந்ததா? பம்பில் டீசலைத் திறந்து மூடும் மின்வால்வான ஸ்டாப் சாலினாய்டுக்குக் கரண்ட் வரவில்லையா? நூறு இடத்தில் கை வைத்திருப்பதால் நூறு இடத்திலும் சந்தேகம். ஓட்டிக்கொண்டே செய்யும்போது இந்த வம்பு கிடையாது. நேற்று ஓடிய வண்டி இன்று ஓடவில்லை என்றால் இடையில் தொட்ட இடத்தில்தான் கோளாறு. தனியாக, கிடைக்கிற நேரத்தில் வேலை செய்கிறவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது ஒருமுறை மாட்டிக்கொண்டால்தான் புரியும்.

ஓட்டிக்கொண்டே செய்வதில் குறை என்னவென்றால், ஒரே கதவைப் பல தடவை திறக்கவேண்டி வரும். கிளட்ச் பிளேட்டுக்காக கியர் பாக்ஸை இறக்கி ஏற்றுவீர்கள், மூன்று மாதத்தில் எஞ்சினின் பின் ஆயில் சீல் ஒழுகும், மறுபடி இறக்கவேண்டும். அதனால் ஒன்றைத் திறந்தால் அதன் அக்கம்பக்கத்தையும் சேர்த்தே முடித்துவிடுங்கள். கியர் பாக்ஸ் கீழே இருக்கிற நாளில் சீல், கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங், கியர் பாக்ஸ் ஷாஃப்ட்டின் முனையைத் தாங்கும் பைலட் பேரிங் மூன்றையும் மாற்றிவிடலாம். வரிசையும் முக்கியம். பிரேக், ஸ்டியரிங், டயர் மூன்றும் தேறாமல் வண்டி ரோட்டுக்குப் போகக்கூடாது. பழைய ரப்பர் பிரேக் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே வீங்கி அடைத்திருக்கும். பெடலை விட்ட பிறகும் பிரேக் பிடித்தபடியே இருந்தால் முதலில் அதைச் சந்தேகியுங்கள். டிரம்மைக் கழற்றும்போது தூசியை ஏர் அடித்து ஊதவேண்டாம், பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். ஈரத்துணியால் துடைத்தால் போதும். அப்புறம், ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். ஸ்டாண்ட் இல்லாமல் தலையைக்கூட நுழைக்காதீர்கள்.

இனி அந்த ஒரே நிலைமை. சேசிஸை நீளவாக்கில் ஒரு சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு ணங் என்று பதில் சொல்லும், சுத்தியல் கையில் எகிறும். கெட்டுப்போன இடத்தில் சத்தம் தொப்பென்று அமுங்கும், சுத்தியலும் எகிறாமல் அங்கேயே உட்காரும், பெயிண்ட்டுக்கு அடியிலிருந்து செதில் செதிலாகத் துரு கொட்டும். பாடியைத் தாங்கும் பக்கவாட்டுக் கைகளில் ஒன்றிரண்டு இப்படி இருந்தால் பரவாயில்லை, வண்டி நின்ற நிலையிலேயே வெட்டி மாற்றலாம். ஸ்பிரிங் தொங்கும் பிராக்கெட், ஸ்டியரிங் பாக்ஸ் பூட்டும் இடம், நீளச் சட்டத்தின் மேல்பக்கம் ஆகியவற்றில் அமுங்கிய சத்தம் வந்தால் தயங்கவேண்டாம், பாடியை இறக்கிவிடுங்கள்.

துருவுக்கும் இரண்டு கட்சி உண்டு: மருந்து பூசும் கட்சி, வெட்டி ஒட்டும் கட்சி. டானிக் அமிலமோ பாஸ்பாரிக் அமிலமோ கலந்த மருந்து துருவோடு சேர்ந்து அதைக் கறுத்த நிலையான படலமாக மாற்றும். மேலோட்டமான துருவுக்கு இது நல்ல வேலை. ஓட்டை விழுந்த இடத்திலும் இதைப் பூசிப் பட்டி பார்த்து மறைப்பது ஏமாற்று வேலை. பழைய துருவின் மேலேயே புதுத் தகடு வைத்து வெல்டு அடிப்பது அதைவிட மோசம், நடுவில் தண்ணீர் நின்று இரண்டையும் சேர்த்துத் தின்னும். நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டி, அதே கனத்தில் தகடு வைக்கவேண்டும். பாடியின் தரையை வெட்டப்போகிறீர்கள் என்றால் அதற்கு முன் கதவு வாசலில் குறுக்காக ஒரு பைப்பை வைத்து வெல்டு பண்ணிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பிறகு கதவு மூடாது.

வெறும் சேசிஸ் கையில் இருந்தால் துத்தநாகத் தொட்டியில் முக்கியெடுக்கும் வழியும் திறக்கிறது. சுமார் 450 டிகிரியில் உருகிய துத்தநாகம் சட்டத்தின் உள்பக்கமும் போய்ப் படியும், வேறு எந்தப் பூச்சும் அவ்வளவு முழுமையாக உள்ளே போகாது. காற்றும் திரவமும் வெளியேற முன்கூட்டியே துளைகள் இருக்கவேண்டும், அடைபட்ட குழி தொட்டியில் வெடிக்கும். சூட்டில் சட்டம் முறுக்கிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. பிறகு அதில் வெல்டு வைத்தால் கிளம்பும் துத்தநாகப் புகை காய்ச்சலே வரவைக்கும். ஓட்டிக்கொண்டே செய்கிறவருக்கு வெளியே எபாக்சி பெயிண்ட், உள்ளே நீளக் குழாய் விட்டு அடிக்கும் மெழுகு. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை திரும்ப அடிக்கவேண்டும் என்பதுதான் வேலை. எனக்கு அது சிரமமாகப் படவில்லை.

எஞ்சினைப் பொறுத்தவரை மூன்று வழி: பிரித்து லைனர், பிஸ்டன், ரிங் மாற்றுவது, வேறு பழைய எஞ்சினைப் போடுவது, பிரிக்காமல் விட்டுவிட்டு டீசல் லைனைப் பார்ப்பது. முதல் இரண்டையும் பற்றி எல்லோரும் பேசுவார்கள். மூன்றாவதை யாரும் முதலில் செய்வதில்லை, ஆனால் முதலில் செய்யவேண்டியது அதுதான். காலையில் ஸ்டார்ட் ஆகாத பாதி வண்டிகளுக்கு வியாதி சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கிலோ, லைனில் உறிஞ்சும் காற்றிலோ இருக்கும். பம்புக்கு முன்னால் தற்காலிகமாக ஒரு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஹோஸைப் போட்டு ஓடவிட்டால் குமிழிகள் ஓடுவதைக் கண்ணால் பார்க்கலாம். கந்தகம் குறைந்த டீசலுக்கு மாறியபோது பழைய பம்புகளின் ரப்பர் சீல் சுருங்கி ஒழுகியதும் உண்டு. டீசலைச் சிலிண்டருக்குள் தெளிக்கும் நாசிலை மட்டும் வெளியே எடுத்து ஓட்டிப் பார்க்காதீர்கள். பழைய எஞ்சினில்கூட 100 பாருக்கு மேல் அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். பம்பையும் நாசிலையும் டெஸ்ட் பெஞ்ச் வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடுவதே நல்லது.

இதையெல்லாம் பார்த்த பிறகும் ஆயில் எரிவதைக் காட்டும் நீலப்புகை நிற்கவில்லை, டீசலுக்கென்று உள்ள கேஜில் ஒரு சிலிண்டரின் கம்ப்ரெஷன், அதாவது பிஸ்டன் காற்றை அமுக்கும் அழுத்தம், மற்றவற்றைவிட நன்றாகக் கீழே நிற்கிறது என்றால் பிரிக்கவேண்டியதுதான். பெட்ரோல் வண்டிக் கேஜ் இந்த அழுத்தத்தைத் தாங்காது. லேண்ட் ரோவர் 300 டிடிஐ, டொயோட்டா 1எச்இசட் போன்ற எஞ்சின்களில் வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒத்து ஓடவைக்கும் டைமிங் பெல்ட் உண்டு. எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் எந்த வழியில் போனாலும் அதை முதல் வேலையாக மாற்றுங்கள். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும்.

பழைய எஞ்சின் வாங்கும் வழியை எடுப்பவருக்கு ஒன்று. ஓட்டிக் காட்டுகிறேன் என்பார்கள். ஓட்டுவதற்கு முன் பிளாக்கின் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் பண்ணியிருக்கிறார்கள்; சூடான எஞ்சின் காலை ஸ்டார்ட்டின் சிரமத்தைக் காட்டாது. நாளைக் காலையில் வருகிறேன், அதுவரை தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.