ரொறன்ரோவில் இரவு 11 மணிக்கு பிக் மட்ச்: எட்டு வருட நேரலை அனுபவம்

மார்ச் பிறந்தால் எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரே கேள்விதான்: "லிங்க் வந்திட்டுதா?" யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் பரி. யோவான் கல்லூரிக்கும் இடையே 1904இல் தொடங்கிய கிரிக்கெட் போட்டி. பத்திரிகைகளில் வடக்கின் பெருஞ்சமர், எங்களுக்கு பிக் மட்ச். போர்க்காலத்தில் சில வருடங்கள் நடக்காமல் போனது. ஆனாலும் இன்றுவரை தொடர்கிறது. நான் மத்திய கல்லூரிப் பெடியன். கனடா வந்து முதல் பத்து வருடமும் அண்ணா தொலைபேசியில் சொல்லும் ஸ்கோர்தான் எனக்கு மட்ச். நேரலையில் பார்க்கத் தொடங்கி இப்போது எட்டு வருடம்.

புதிதாகப் பார்க்க இருப்பவர்கள் முதலில் நேரத்தைச் சரியாகக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே காலை ஒன்பதரைக்கு முதல் பந்து என்றால் ரொறன்ரோவில் முந்திய இரவு 11 மணி. லண்டன் நண்பனுக்கு அதிகாலை 4, மெல்பேர்ண்காரனுக்குப் பிற்பகல் 3. மார்ச் இரண்டாம் ஞாயிறு இங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளுவார்கள். போட்டி அதற்குப் பிந்தினால் தொடக்கம் நள்ளிரவு 12. ஆட்டம் மூன்று நாள், பெரும்பாலும் வியாழன் முதல் சனி வரை. மூன்றாம் நாள் எங்களுக்கு வெள்ளி இரவில் வருவது பெரிய வசதி. முதல் இரண்டு நாளுக்கும் நான் வேலையில் லீவு போட்டுவிடுவேன்.

தொடக்கத்தில் யாரோ ஒரு தம்பி எல்லைக்கோட்டருகே கைபேசியை நிறுத்தி வைத்து ஒளிபரப்பியதைத்தான் பார்த்தோம். பந்து கண்ணுக்குத் தெரியாது. மட்டை போன திசையையும் களத்தடுப்பாளர் ஓடும் பக்கத்தையும் வைத்து ஊகிக்க வேண்டும். கமராவுக்கு முன்னால் ஆட்கள் நடந்து போவார்கள். ஆனால் பாண்ட் வாத்தியச் சத்தமும் கச்சான் விற்பவரின் குரலும் பின்னால் இருந்து "டேய், இறங்கி அடியடா" என்று கத்துவதும் அப்படியே கேட்கும். பிறகு பல கமரா வந்தது. அடியில் ஸ்கோர், விக்கெட் விழுந்தால் மீள்காட்சி, ஆங்கிலத்திலும் தமிழிலும் வர்ணனை. காட்சி எவ்வளவோ திருந்திவிட்டது. ஆனால் வர்ணனை ஓங்கி ஒலிக்க, மைதானம் அடங்கிப் போனது. படம் மங்கினால் பொறுக்கலாம், அந்தச் சத்தம் இல்லாவிட்டால் எனக்கு மட்ச் இல்லை.

நேரலை எனக்குத் தந்த பெரிய கொடை, ஒன்றும் நடக்காத மணித்தியாலங்கள்தான். ஸ்கோரிலும் சுருக்கக் காணொளியிலும் அவை வராது. ஒரு வருடம் இரண்டாம் நாள் பின்னேரம், இங்கே விடிய ஐந்து மணி, ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டுகிறது. எங்கள் பெடியன் ஒருவன் விக்கெட்டைக் காத்து நிற்கிறான். காலில் கட்டிய பாட் அவன் அளவுக்குப் பெரிது. ஒவ்வொரு பந்துக்கும் பிறகு குனிந்து இடது காலின் பட்டியை இழுத்துவிடுவான். ஓவர் முடிய மற்றவன் ஓடிவந்து காதில் ஏதோ சொல்வான், இவன் தலையாட்டுவான். நாற்பது நிமிடத்தில் ஏழோ எட்டோ ஓட்டம். மைதானத்தில் நிழல் நீண்டுகொண்டே வந்தது. அப்போது அங்கே எப்படி வெயில் சாயும், பண்ணைக் கடல் பக்கமிருந்து எப்படிக் காற்று வரும் என்று என் உடம்புக்கே ஞாபகம் வந்தது. அன்று நான் அழுதேன்.

விஜயகாந்த் வியாஸ்காந்த் லெக் ஸ்பின் போடுவதை நான் முதலில் கண்டதும் இந்தப் பள்ளிக்கூட ஒளிபரப்பில்தான். அவர் 2020இல் ஜாஃப்னா ஸ்டாலியன்ஸ் அணிக்காக லங்கா பிரீமியர் லீக்கிலும், 2024இல் சன்ரைசர்ஸ் ஹைதராபாத்துக்காக ஐபிஎல்லிலும் பந்து போட்டபோது, பக்கத்து வீட்டுத் தம்பியைப் பார்ப்பதுபோல் இருந்தது.

சில அனுபவப் பாடங்களும் உண்டு. படம் மைதானத்தை விட அரை நிமிடமாவது பிந்தித்தான் வரும். அங்கே நிற்பவர் "அவுட்" என்று குழுவில் போட்டால், உங்கள் திரையில் பந்துவீச்சாளர் அப்போதுதான் ஓடத் தொடங்குவார். ஆகவே முதல் பந்துக்கு முன்பே வாட்ஸ்அப்பை அமைதியாக்கிவிடுங்கள். படம் விக்கினால் தரத்தை 480க்கு இறக்குங்கள், போதும். பதிவைப் பிறகு பார்ப்போம் என்று விடாதீர்கள். பாண்ட் சினிமாப் பாட்டு வாசித்த இடங்களில் பதிப்புரிமை என்று சத்தத்தை வெட்டிவிடுகிறார்கள். ஒருமுறை கடைசி ஜோடி தோல்வியைத் தவிர்க்கப் போராடும்போது ஒளிபரப்பே நின்றுவிட்டது. அந்த இருபது நிமிடமும் அண்ணாவின் தொலைபேசிதான் மறுபடி கைகொடுத்தது.

ஒளிபரப்பை நடத்தும் தம்பிமாரிடம் ஒன்று கேட்கிறேன். வர்ணனை இல்லாமல் மைதானத்துச் சத்தம் மட்டும் வரும் இன்னொரு தெரிவையும் வையுங்கோ. தேநீர் இடைவேளையில் விளம்பரம் போடாமல், ஒரு கமராவையாவது பழைய மாணவர் கூடாரத்துப் பக்கம் திருப்பி விடுங்கோ. அங்கே யார் யார் வந்து நிற்கிறார்கள் என்று பார்க்க வேணும்.