சோளரொட்டிக்கு நடந்த சண்டை: 'லைஃப்' படமும் அதைப் பார்த்தவர்களும்

1999 ஏப்ரலில் வெளிவந்த 'லைஃப்' திரைப்படத்தைப் பார்த்தவர்கள் இன்றும் இரண்டு கட்சியாகவே பிரிந்து நிற்கிறார்கள். எடி மர்ஃபியும் மார்ட்டின் லாரன்ஸும் சேர்ந்து நடிக்கும் படமாயிற்றே, வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு வரலாம் என்று போனவர்கள், செய்யாத கொலைக்காக இருவர் அறுபது ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கிடக்கும் கதையைக் கண்டு முகம் சுளித்தார்கள். எதையும் எதிர்பாராமல், பெரும்பாலும் வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களோ அதைத் திரும்பத் திரும்பப் பார்த்து வசனங்களை மனப்பாடமாகச் சொல்லும் அளவுக்கு நெருங்கிவிட்டார்கள். ஏறத்தாழ 8 கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்டு, உலகெங்கும் 7 கோடியே 30 லட்சம் அளவுக்கே வசூலித்த படம் இது. அது தனக்குரிய பார்வையாளர்களைத் திரையரங்குக்கு வெளியேதான் கண்டடைந்தது.

கதை 1932இல் நியூயார்க்கில் தொடங்குகிறது. வாய்ச்சாலகத்தால் பிழைக்கும் ரே (எடி மர்ஃபி), வங்கி வேலையில் சேரவிருக்கும் கிளாடின் (மார்ட்டின் லாரன்ஸ்) பையில் கைவைக்கிறான். இருவரும் ஒரு தாதாவின் பிடியில் சிக்கி, அவருக்காகக் கள்ளச்சாராயம் வாங்கிவர மிசிசிப்பிக்குப் போகிறார்கள். அங்கே சீட்டாட்டத்தில் ரே தன் தந்தையின் கடிகாரத்தைப் பறிகொடுக்கிறான். அவனை ஏமாற்றியவன் அன்றிரவே கொல்லப்படுகிறான், பழி இவர்கள் தலையில் விழுகிறது. ஆயுள் தண்டனை பெற்றுப் பார்ச்மன் என்றழைக்கப்படும் மிசிசிப்பி மாநிலச் சிறைக்கு வந்து சேர்கிறார்கள். இந்த முன்கதை சற்று அவசர அவசரமாகத்தான் ஓடுகிறது. படம் உண்மையில் தொடங்குவது சிறைக்குள் வந்த பிறகுதான்.

பலரும் முதலில் நினைவுகூர்வது சாப்பாட்டுக் கூடக் காட்சியை. மலைபோன்ற ஒரு கைதி, புதிதாக வந்தவர்களின் தட்டிலிருக்கும் சோளரொட்டியைக் கேட்கிறான். கிளாட் தயங்காமல் கொடுத்துவிடுகிறான். ரே மறுத்து, வாய் நிறையச் சவால் விட்டு, பிறகு நன்றாக அடிவாங்குகிறான். இதை வெறும் அடிதடி நகைச்சுவை என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வளைந்துகொடுத்துப் பிழைப்பவன் யார், தோற்பது உறுதி என்று தெரிந்தும் எழுந்து நிற்பவன் யார் என்பதை ஒரு துண்டு ரொட்டியில் காட்டிவிடுகிறார் இயக்குநர் டெட் டெம். பிறகு வரும் சச்சரவுகள் அனைத்தும், 1944இல் தொடங்கி 28 ஆண்டுகள் நீளும் அவர்களின் மௌனமும்கூட, இந்த வேறுபாட்டிலிருந்தே கிளைக்கின்றன.

அந்த 28 ஆண்டுகளைப் படம் கடக்கும் விதம்தான் அதன் உச்சம் என்பது என் எண்ணம். உடனிருந்த கைதிகள் ஒவ்வொருவராக, நின்ற இடத்திலேயே மெல்ல மங்கி மறைகிறார்கள். மரணப் படுக்கை இல்லை, அழுகை இல்லை. இருந்த இடம் வெறுமையாகிறது, அவ்வளவுதான். சற்றுமுன்வரை கேலிப்பெயர்களால் அழைத்துச் சிரித்த மனிதர்கள் அவர்கள் என்பதால், அந்த வெறுமை நெஞ்சில் கனக்கிறது. நான் முதன்முறை பார்த்தபோது அதுவரை இடைவிடாமல் பேசிக்கொண்டிருந்த என் நண்பர் இந்த இடத்தில் பேச்சை நிறுத்தினார். படம் முடியும்வரை அவர் வாய் திறக்கவில்லை.

இதற்கு முன்னரே ஒருமுறை படம் நம் சிரிப்பைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. பெண்மைச் சாயலுள்ள பிஸ்கட் என்னும் கைதியை வைத்துச் சில கிண்டல்கள் வருகின்றன; அவற்றில் ஒன்றிரண்டு இன்று பார்க்கையில் உறுத்துகின்றன. ஆனால் விடுதலை உத்தரவு கையில் கிடைத்தபின், இந்த நிலையில் தாயின் முகத்தில் எப்படி விழிப்பது என்று அஞ்சும் அவன், தாண்டினால் சுடப்படுவோம் என்று தெரிந்தே எல்லைக்கோட்டை நோக்கி ஓடும்போது, சிரித்த நமக்கே குற்றவுணர்வு எழுகிறது. நகைச்சுவையும் துயரமும் ஒட்டவில்லை என்று குறை சொல்பவர்கள் இந்த இடத்தை எப்படித் தாண்டிப்போகிறார்கள் என்பது எனக்குப் புரியவில்லை.

அந்த எல்லைக்கோடு கற்பனையன்று. பார்ச்மன் என்பது சுற்றுச்சுவருக்குள் அடங்கிய கட்டடமன்று. பல்லாயிரம் ஏக்கரில் பரந்து கிடந்த பருத்திப் பண்ணை. அங்கே கைதிகளுள் சிலரிடமே துப்பாக்கியைக் கொடுத்து மற்றவர்களைக் காவல் காக்க வைத்தார்கள். கைதிகள் தொடுத்த வழக்கொன்றில் 1972இல் கூட்டாட்சி நீதிமன்றம் தலையிட்டுக் கண்டித்த பிறகே அந்த முறை ஒழிந்தது. படத்திலும் இருவரின் மௌனம் கலைவது அதே 1972இல்தான். கிளாடைக் கண்ணாடிப் புட்டிகளின் மேல் ஒரு நாள் முழுவதும் நிற்க வைத்து, அவன் கீழே விழுந்தால் சுடும்படி ரேயின் கையிலேயே துப்பாக்கியைத் திணிக்கிறார்கள். ரே மறுத்துவிட, அவனும் புட்டிகளின் மேல் ஏற்றப்படுகிறான். பார்ச்மனின் கொடுமையை முழுவதுமாக உணர்த்தும் காட்சி இது ஒன்றே.

ஒன்றே என்று சொல்வதில்தான் என் மனக்குறையும் இருக்கிறது. சிறை வாழ்க்கையைப் படம் மிக மென்மையாகக் காட்டிவிட்டது என்ற குற்றச்சாட்டு நியாயமானது. கசையடியும் பட்டினியும் வழக்கமாக இருந்த ஓரிடம், படத்தில் பல நேரங்களில் கறார் வார்டன்கள் உள்ள விடுதிபோலத் தோன்றுகிறது. 1961இல், பேருந்துகளில் நிறவேற்றுமையை எதிர்த்துப் பயணம் செய்த முந்நூறுக்கும் மேற்பட்டோர் இதே பார்ச்மனில் அடைக்கப்பட்டார்கள். 1944இலிருந்து 1972க்குத் தாவும் கதையில் அவர்களுக்கு இடமில்லை. நகைச்சுவைப் படத்திடம் வரலாற்றுப் பாடத்தை எதிர்பார்க்கலாமா என்று சிலர் கேட்கக்கூடும். ஆனால் நீதிமன்றம், காவல்துறை, சிறை மூன்றும் சேர்ந்து இரு கறுப்பினத்தவரின் வாழ்நாளை விழுங்கிய கதையைத் தானாக விரும்பி எடுத்துக்கொண்டது இந்தப் படம்தானே.

ஒப்பனையைப் பற்றிக் கருத்து வேறுபாடே எழவில்லை. முப்பதுகளில் இருந்த இரு நடிகர்களைத் தொண்ணூறை எட்டிய கிழவர்களாக ரிக் பேக்கர் மாற்றிய விதம் ஆஸ்கார் பரிந்துரை வரை போனது. அந்த ஒப்பனைக்குள்ளும் மார்ட்டின் லாரன்ஸ் தோளைக் குறுக்கிக்கொண்டு முணுமுணுக்கும் விதம், எடி மர்ஃபியின் படபடப்பைவிட எனக்கு நம்பும்படியாக இருந்தது. துணைப்பாத்திரங்களில் பெர்னி மாக்கும், ஒரு சொல்லும் பேசாமல் பேஸ்பால் ஆடியே விடுதலை பெறும் இளைஞனாக வரும் போகீம் உட்பைனும் நினைவில் நிற்கிறார்கள்.

தெற்கத்திய வட்டார வழக்கும் வசைச்சொற்களும் வசனத்தில் நிறைந்திருப்பதால், வசன எழுத்துகளை மட்டும் நம்பிப் பார்ப்பவர்களுக்குப் பாதிச் சிரிப்பு நழுவிப்போகும். குழந்தைகளுடன் பார்க்கத் தக்கதுமன்று. இதைப் புதிதாகப் பார்க்கப்போகிறவர்கள் முடிவைப் பற்றி யாரிடமும் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டாம். அது அதிர்ஷ்டத்தை நம்பிச் செய்துகொண்ட ஏற்பாடு என்று என் நண்பர் இன்றும் வாதிடுகிறார். படம் தொடங்குவதே கல்லறைத் தோட்டத்தில்தான் என்பதை நான் அவருக்கு நினைவூட்டிக்கொண்டிருக்கிறேன்.